க்ளூஜ் மாணவர்களிடம் உலகமயமாக்கல் பற்றிப் பேச்சுக்கொடுப்பது எப்படி

‘உலகமயமாக்கல் நல்லதா, கெட்டதா? 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள்.’ இந்தக் கேள்வியோடு ருமேனியாவுக்குப் போகாதீர்கள். பாதிப் பேர் 3 போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடிவிடுவார்கள். நான் க்ளூஜ் நகரில் மாணவர்களை நேர்காணல் செய்கிறவன். ஆய்வுக்காக அங்கே வரப்போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இடம். காபிக்கடை வேண்டாம், அங்கே எல்லோரும் ஐரோப்பியக் குடிமகனாகப் பேசுவார்கள். ஹஷ்தேவ் விடுதி வளாகத்தின் பொதுச் சமையலறை நல்லது. ஞாயிறு மாலை ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் கையில் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பை இருக்கும். பேச்சு தானாக வீட்டுக்குப் போய்விடும். நமக்கு வேண்டியதும் வீடுதான். குரலைப் பதிவு செய்வதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

முதல் கேள்வி: ‘வீட்டில் யாராவது வெளிநாட்டில் வேலை பார்த்தார்களா?’ ருமேனியா 2007 ஜனவரி 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அதற்கு முன்பே இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் கூட்டம் கூட்டமாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்ட்ராபெரி பறிக்கப் போனவர்களுக்கு ஊரில் கேலிப் பெயரே உண்டு. இன்று கல்லூரியில் இருக்கும் பலர் அந்தப் பணத்தில் படிக்கிறவர்கள். சிலர் பாட்டி வீட்டில் வளர்ந்தவர்கள். ‘எல்லை திறந்தது நல்லது’ என்று சொல்லும் அதே வாய், அம்மா ஊரில் இல்லாத வருடங்களைப் பற்றியும் பேசும். குறுக்கே பேசாதீர்கள். இதை முரண்பாடு என்று குறித்துக்கொள்ளவும் வேண்டாம்.

அடுத்து, பொதுவாகக் கேட்காமல் அவர்களுக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையைப் பற்றிக் கேளுங்கள். க்ளூஜுக்குப் பக்கத்தில் ஜூகு. ஜெர்மனியின் போகும் நகர ஆலையை மூடிவிட்டு நோக்கியா 2008-இல் இங்கே வந்தது. 2011-இல் இதையும் மூடப்போவதாக அறிவித்து, வேலையை ஆசியாவுக்கு நகர்த்தியது. பிறகு அந்த ஆலையை வீட்டுச் சாதனங்கள் செய்யும் இத்தாலிய நிறுவனமான தெலோங்கி வாங்கிக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014-இல் மூடியதைப் பார்த்த நமக்கு உடனே ஒரு முடிவு நாக்கு நுனிக்கு வந்துவிடும். அடக்கிக்கொள்ளுங்கள். பொருளாதாரம் படிக்கும் பையன் ‘ஒன்று போனால் இன்னொன்று வருகிறது’ என்பான். ஆலை வேலையை இழந்தவரின் மகள் அப்படிச் சொல்லமாட்டாள்.

ரோஷியா மொன்டானா என்ற சுரங்க ஊரைப் பற்றியும் கேளுங்கள். அங்கே ஒரு கனடா நிறுவனம் சயனைடு கொண்டு தங்கம் பிரிக்கத் திட்டமிட்டது. 2013-இல் அதை எதிர்த்து புக்கரெஸ்டிலும் க்ளூஜிலும் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். இன்றைய மாணவர்கள் அப்போது பள்ளிப் பிள்ளைகள். அண்ணன், அக்கா சொல்லிக் கேட்டிருப்பார்கள். அந்தப் போராட்டத்தை நாட்டுக்குள் முடங்கிக்கொள்ளும் மனநிலை என்று எழுதிவிடக் கூடாது. வெளிநாட்டுச் சுரங்கத்தை எதிர்த்த அதே ஆட்கள் ஐரோப்பியச் சட்டத்தைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். என் கணக்கில் இந்தத் தலைமுறையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை.

சோசலிசக் காலம் பற்றி? கேளுங்கள், ஆனால் கடைசியில். அந்த ஆட்சி கவிழ்ந்த 1989-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது வீட்டுப் பேச்சுதான். அன்றைய சர்வாதிகாரி சவுஷெஸ்கு வெளிநாட்டுக் கடனை அடைக்க உணவை ஏற்றுமதி செய்ததும், தொலைக்காட்சி ஒரு நாளைக்கு 2 மணி நேரமாகச் சுருங்கியதும் தாத்தா பாட்டி வழியாக வந்த செய்திகள். ‘அப்போது எல்லோருக்கும் வேலை இருந்தது’ என்பதும் அதே வழியாகத்தான் வரும். எது யாருடைய வாயிலிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பாபேஷ் போயாய் பல்கலைக்கழகத்தில் ருமேனிய, ஹங்கேரிய, ஜெர்மன் மொழிகளில் பாடப்பிரிவுகள் உண்டு. ஹங்கேரிய மொழிப் பிரிவில் பெரும்பாலும் ருமேனியாவின் ஹங்கேரியச் சிறுபான்மையினர்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கு ‘வெளிநாடு’ என்றால் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டும் அதில் சேருமா என்பதே தனிக் கேள்வி. அவர்களை மற்றவர்களோடு கலந்து ஒரே சராசரி போடாதீர்கள். கணினி மாணவர்களை மட்டும் பிடித்துக்கொண்டு ஆய்வை முடிப்பதும் சரியில்லை. வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். நிலத்தை வெளிநாட்டார் வாங்குவது பற்றி அங்கே கேட்டுப் பாருங்கள்.

பதில்களை அட்டவணையாகத் தொகுக்கும்போது ஆதரவு, எதிர்ப்பு என்று ஒரே பத்தி வைத்தால் வேலை கெட்டுவிடும். வேலை, பொருட்கள், மொழி, நிலம், ஐரோப்பியச் சட்டம், வெளியேறிய உறவினர் என்று தனித்தனிப் பத்தி போடுங்கள். ஒரே மாணவிக்கு ஒன்றில் ஆதரவும் இன்னொன்றில் கோபமும் விழட்டும். அப்புறம் ‘படிப்பு முடிந்ததும் எங்கே போவாய்?’ என்ற கேள்விக்கு வந்த பதிலைப் பக்கத்திலேயே எழுதி, இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.