யாருக்காக வக்காலத்து? கன்சர்வேட்டர்ஷிப் வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதுவந்த ஒருவர் தன் உணவையும் உறைவிடத்தையும் உடல்நலத்தையும் தானே பேணிக்கொள்ள இயலாதவர், அல்லது தன் பணத்தைக் கையாளவும் மோசடிக்காரர்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் இயலாதவர் என்று கூறி, அவர் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கும்படி கலிபோர்னியாவின் புரொபேட் நீதிமன்றத்தில் (உயில், வாரிசு, காப்பாளர் விவகாரங்களை விசாரிக்கும் நீதிமன்றம்) கேட்பதே கன்சர்வேட்டர்ஷிப் மனு. அந்த அதிகாரத்தைப் பெறுபவர் கன்சர்வேட்டர். மனுதாரர் பல வேளைகளில் மகனாகவோ மகளாகவோ இருக்கிறார். "எனக்கு யாருடைய மேற்பார்வையும் வேண்டாம்" என்று தாயோ தந்தையோ எதிர்க்கும்போது, அவருக்கென்று நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஒருவர் வந்து சேர்கிறார். அவர் யாருக்காக வந்திருக்கிறார் என்ற கேள்விக்குத் தவறான விடையைக் கொள்வதிலிருந்துதான் இவ்வழக்குகளின் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

நீதிமன்றம் நியமித்ததால் அவர் நீதிமன்றத்தின் ஆள், இரு தரப்பையும் கேட்டு எது நல்லது என்று நீதிபதிக்குச் சொல்லப்போகிறவர் என்று குடும்பத்தினர் எண்ணுகிறார்கள். வருந்தத்தக்க உண்மை என்னவென்றால், சில வழக்கறிஞர்களும் அப்படியே எண்ணி நடந்திருக்கிறார்கள். கலிபோர்னியா புரொபேட் சட்டத்தொகுப்பின் 1471ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கவில்லை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, அவர் தம் கட்சிக்காரரின் விருப்பத்தை எடுத்துரைத்து, சுதந்திரமாகவும் முழு முனைப்போடும் வாதாட வேண்டியவர். நேரில் சென்று விசாரித்து அறிக்கை தருவதற்கு நீதிமன்றப் புலனாய்வாளர் இருக்கிறார். திறன் குறித்துச் சான்றளிக்க மருத்துவர் இருக்கிறார். நலனைத் தீர்மானிக்க நீதிபதி இருக்கிறார். வழக்கறிஞரும் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டால், 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு ஆயுதமில்லாத அந்த மனிதருக்காகப் பேச அந்த அறையில் எவருமே இருக்க மாட்டார்கள்.

இத்திருத்தம் வருவதற்கு முந்திய நிலையைப் பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் கன்சர்வேட்டர்ஷிப் வழக்கு உலகுக்குக் காட்டியது. 2008இல் தாமே தேர்ந்த வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் திறன் அவருக்கு இல்லை என்று லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் முடிவு செய்தது. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞரே பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார். 2021 ஜூன் 23 அன்று நீதிபதியிடம் பேசிய ஸ்பியர்ஸ், இந்த ஏற்பாட்டை முடிக்கக் கோரி மனுச் செய்யலாம் என்பதே தமக்குத் தெரியாது என்றார். ஜூலை 14 அன்று தம் விருப்பப்படி வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. நவம்பர் 12 அன்று கன்சர்வேட்டர்ஷிப்பே முடிவுக்கு வந்தது. 13 ஆண்டுகளையும் நான்கு மாதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்தப் பணியின் எடை புரியும். திறன் ஐயத்துக்குரியதாக இருந்தாலும் தாம் விரும்பும் வழக்கறிஞரைத் தேர்ந்துகொள்ள இன்றைய சட்டம் இடம் தருகிறது. அதை அறியாமல், நியமனம் ஆனபின் மாற்றவே முடியாது என்று நம்பிவிடுவது மற்றொரு தவறு.

வழக்கறிஞர்கள் செய்யும் தவறுகளில் ஆகக் கொடியது, நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது. மறதி கூடிவரும் 82 வயது அம்மையார் ஒருவர் தனியே வாழ்வதிலேயே உறுதியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைக் காணச் சென்ற வழக்கறிஞர், கெட்டுப்போன உணவையும் திறக்கப்படாத கடிதக் குவியலையும் பார்க்கிறார். மனம் பதைத்து அதை நீதிபதியிடம் சொல்லிவிட்டால், அவர் தம் கட்சிக்காரருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறார். கட்சிக்காரரின் ரகசியங்களைத் தமக்கு என்ன இடர் வந்தாலும் காக்க வேண்டும் என்பது கலிபோர்னிய வழக்கறிஞர்களுக்குச் சட்டம் விதித்துள்ள கடமை. அவர் செய்யக்கூடியது வேறு: அம்மையாரிடம் தனிமையில் ஒளிவின்றிப் பேசலாம், நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதித்தருவது, மருத்துவ முடிவுகளுக்கு முன்கூட்டியே ஆவணம் எழுதிவைப்பது, பிறர் துணையோடு தாமே முடிவெடுப்பது போன்ற வழிகளை முன்வைக்கலாம். இத்தகைய மாற்று வழிகள் போதுமானவையாக இருந்தால் கன்சர்வேட்டர்ஷிப் கூடாது என்பதே சட்டத்தின் நிலை என்பதால், இவை வழக்கிலும் வலுவான வாதங்களாகும். எல்லாவற்றையும் கேட்டபின்னும் அவர் மறுத்தால், நீதிமன்றத்தில் அந்த மறுப்புக்காகவே வாதாட வேண்டும்.

நோயின் பெயரைக் கேட்டதும் வாதத்தைக் கைவிடுவதும் தவறு. டிமென்ஷியா (மறதிநோய்) என்ற மருத்துவக் கணிப்பு மட்டுமே இயலாமைக்குச் சான்றாகிவிடாது. அன்றாட வாழ்வில் அவரால் எது முடிகிறது, எது முடியவில்லை என்பதே கேள்வி. அதுவும் தெளிவான, நம்பத்தகுந்த சாட்சியத்தால் மனுதாரர் மெய்ப்பிக்க வேண்டியது. கவனக்குறைவாக நடந்த ஓரிரு தனி நிகழ்வுகள் போதா என்று சட்டமே சொல்கிறது. மருத்துவரின் அறிக்கையைக் குறுக்கு விசாரணையின்றி ஏற்றுக்கொள்வதும், ஜூரி விசாரணை கேட்கும் உரிமை உண்டு என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்லாமல் விடுவதும் இதே தவறின் கிளைகள். தற்காலிகக் கன்சர்வேட்டரை நியமிக்கும் விசாரணையை வெறும் சடங்காகக் கருதுவது இன்னும் ஆபத்தானது. சில நாள் அறிவிப்பிலேயே நடந்துவிடும் அவ்விசாரணையில் அதிகாரம் கைமாறிவிட்டால், முதன்மை விசாரணை வருவதற்குள் வாழ்க்கையே வேறாகியிருக்கும்.

குடும்பத்தினர் தரப்பில் நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகளோடு கலிபோர்னியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது. அவர்களைக் காண வழக்கறிஞர் வரும்போது, மனுப் போட்ட மகனே உடனிருந்து மொழிபெயர்ப்பது உதவியாகத் தோன்றலாம். உண்மையில் அது தந்தையின் வாயை அடைப்பதாகும். மகனைப் பற்றிய குறையை மகன் வாய்வழியாகவே எப்படிச் சொல்வார்? மூன்றாமவர் உடனிருந்தால் அந்த உரையாடலின் ரகசியத்தன்மைக்கும் கேடு வரக்கூடும். தொடர்பில்லாத மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது வழக்கறிஞரின் பொறுப்பு. அறையை விட்டு வெளியே போவது மகனின் பொறுப்பு.

கட்டணத்தைப் பொறுத்தவரை, நீதிமன்றம் நிர்ணயிக்கும் தொகை கட்சிக்காரரின் சொத்திலிருந்தே வழக்கறிஞருக்குத் தரப்படும். வசதியில்லாதவருக்குக் கவுன்டி (உள்ளூர் மாவட்ட நிர்வாகம்) தரும். அப்பாவின் பணத்தில்தானே இவருக்குச் சம்பளம் என்று பிள்ளைகள் அதிகாரம் செலுத்த முனைவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

எதிர்ப்பு என்றால் முழுமையாக வெல்வது அல்லது முழுமையாகத் தோற்பது என்று நினைத்துவிடவும் கூடாது. கன்சர்வேட்டர் தேவையே என்று நீதிபதி முடிவு செய்தாலும், அது யார், எந்தெந்த அதிகாரங்கள் என்பவற்றில் கட்சிக்காரரின் சொல்லுக்கு மதிப்புண்டு. அறிந்து தேர்வு செய்யும் திறன் இருக்கும்வரை, தமக்கு வேண்டியவரை அவரே முன்மொழியலாம். ஆணை பிறந்த பின்னும் அதை முடித்துவைக்கவும் கன்சர்வேட்டரை நீக்கவும் அவர் மனுச் செய்யலாம். வழக்கறிஞர் இல்லையென்றால் கேட்டுப் பெறலாம். இவற்றை அவருக்குப் புரியும் மொழியில், பெரிய எழுத்தில், தொடர்புகொள்ள வேண்டிய எண்ணோடு ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்காமல் கோப்பை மூடிவிடும் வழக்கறிஞர், தம் வேலையை முடிக்கவில்லை.