டாம்கேட்டுக்கு அழுக்கு பூசும் கலை

அமெரிக்கக் கடற்படையின் பழைய போர் விமானமான எஃப்-14ஏ டாம்கேட்டை 1/32 அளவில் பிளாஸ்டிக் மாடலாகக் கட்டினால் மூக்கு முதல் வால்வரை ஏறக்குறைய 60 செ.மீ. வரும். பெட்டி வாங்கும் முன் அலமாரியை அளந்துவிடுங்கள். நான் அளக்கவில்லை, என்னுடையது இப்போது பீரோ மேல் கிடக்கிறது.

கட்டுவதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவைத்து, பசை போடும் முன் ஒவ்வொன்றையும் சும்மா பொருத்திப் பாருங்கள். காக்பிட்டை முதலில் முடித்துவிட வேண்டும், உடலை மூடியபின் அங்கே பிரஷ் நுழையாது. உயிரை வாங்குவது எஞ்சினுக்குக் காற்று போகும் அந்த இரண்டு நீளக் குழாய்கள்தான்: உள்ளே வெள்ளை என்பதால் இணைப்புக் கோடு பளிச்சென்று தெரியும், புட்டி வைத்து 400, 600, 1000 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்க்கத்தான் வேண்டும். அப்புறம் சாம்பல் பிரைமர் ஒரு கோட் அடியுங்கள், விட்டுப்போன இடமெல்லாம் மாட்டிக்கொள்ளும்.

சரி, பெயின்ட். 1980களில் அமெரிக்கக் கடற்படை டாம்கேட்டுகளை மங்கிய சாம்பலுக்கு மாற்றியது. எஃப்எஸ் (அமெரிக்க அரசின் நிற எண் பட்டியல்) 35237, 36320, 36375 என்ற மூன்றும் போதும். ஆனால் சாம்பலை ஒரே சீராக அடித்துவிட்டுக் கோடு கோடாகக் கருப்பு இழுத்தால் அது பொம்மை மாதிரிதான் இருக்கும். கப்பல் தளத்தில் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும், அரித்த இடத்தைச் சுரண்டி அங்கங்கே புதுச் சாம்பல் பூசுவார்கள், அது பழைய நிறத்தோடு ஒத்துப்போகாது. அதனால் அதே சாம்பலில் சில துளி வெள்ளை கலந்து ஒரு கிண்ணம், கருப்பு கலந்து இன்னொன்று. பால் பதத்துக்கு இளக்கி, 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், திறந்து மூடும் தகடுகளின் ஓரத்திலும் திருகு வரிசையிலும் ஏர்பிரஷால் ஒழுங்கில்லாத திட்டுகளாக விடுங்கள். அதிகமாகிவிட்டதோ என்று தோன்றினால் மூலச் சாம்பலை நன்றாக நீர்த்து மேலே ஒரு மெல்லிய கோட், எல்லாம் அடங்கிவிடும்.

அடுத்து பளபளப்பான, நிறமில்லாத கிளியர் கோட், டெக்கால் (எண்களும் சின்னங்களும் உள்ள மெல்லிய ஒட்டுப்படம்), மறுபடி கிளியர் கோட், அதன் மேல்தான் எனாமல் வாஷ், அதாவது பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த பெயின்ட். ஒருமுறை அவசரத்தில் மேட் (பளபளப்பில்லாத) பரப்பின் மேலேயே வாஷை ஊற்றினேன், இறக்கை முழுக்க உறிஞ்சிக்கொண்டது, எவ்வளவு துடைத்தும் வரவில்லை, பிரைமரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். வாஷ் அடர்சாம்பலாக இருக்கட்டும், கருப்பு வேண்டாம். அரைமணி கழித்து, வொயிட் ஸ்பிரிட்டில் (எனாமலை இளக்கும் திரவம்) லேசாக நனைத்த பட்ஸால், காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள்.

இறக்கையின் மேற்பக்கத்தில் மட்டும் இந்த விதி செல்லாது. டாம்கேட்டின் இறக்கை பறக்கும்போது 20 பாகையிலிருந்து 68 பாகை வரை பின்னோக்கி மடங்கும், உடலோடு சேரும் இடத்தில் உள்ள உறை அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே அழுக்கு வில்லாக வளைந்திருக்கும், நேர்கோடாக இழுத்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு குச்சியின் முனையில் நூல் கட்டி, இறக்கை சுழலும் புள்ளியில் மறுமுனையைப் பிடித்து, அடர்பழுப்பு எண்ணெய்ப் பெயின்டை அந்த வட்டத்திலேயே மெல்ல இழுத்துப் பாருங்கள், காம்பஸ் வேலைதான். பூட்ஸ் கறையைக் காக்பிட்டின் இடப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக வையுங்கள், ஏணி அந்தப் பக்கம்தான்.

கடைசியாக மேட் கோட். பெயின்ட் படாமலிருக்கக் காக்பிட் கண்ணாடி மேல் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை அன்றைக்கே உரிக்காதீர்கள், மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.