சொந்தக் கொழுப்பில் ஸ்டெம் செல் எடுக்கும் முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க மதுரைக்கோ சென்னைக்கோ செல்லும் பெரியவர்களிடம், வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை)ப் பிரித்து மூட்டில் செலுத்தலாம் என்று சொல்லப்படுவதுண்டு. பணம் கட்டும் முன் அந்தக் கொழுப்பின் நிலையை அறிய வேண்டும்.

முதலில் வயிற்றுச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். ஆண்கள் வேட்டி முடிச்சின் மீதும், ஆச்சிமார் புடவைக் கொசுவத்தின் மீதும் நாடாவைச் சுற்றினால் அளவு தவறும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை; அதைத் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு மிகுதி என்று பொருள்.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. ஹார்மோன் சுரக்கும் உறுப்பு. பசியைக் கட்டுப்படுத்தும், 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன் அங்கிருந்துதான் பெருமளவில் வருகிறது. உடல் பருக்கும்போது லெப்டின் ஏறுகிறது, அழற்சியைத் தணிக்கும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் இறங்குகிறது, கொழுப்புக்குள் புகும் நோயெதிர்ப்பு அணுக்கள் அழற்சியை நீடிக்கச் செய்கின்றன. இதனால் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. மூட்டு நீரில் சேரும் லெப்டின் குருத்தெலும்பின் சிதைவைத் தூண்டுகிறது. உடல் எடையைத் தாங்காத விரல் மூட்டுகளும் பருமனானவர்களுக்குத் தேய்வதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இத்தகைய சூழலில் வளர்ந்த ஸ்டெம் செல்கள் மெதுவாகப் பெருகுவதையும், விரைவில் முதுமையடைவதையும், அழற்சியை அடக்கும் திறன் குன்றுவதையும் ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். செலுத்தப்பட்ட பிறகும் அவை சேர்வது அதே அழற்சி நிறைந்த உடலில்தான்.

எனவே, எடுத்த செல்களில் எத்தனை உயிருடன் இருக்கும், யார் பரிசோதிப்பார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரத்த நோய்கள் உள்ளிட்ட சிலவற்றுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை மட்டுமே ஏற்கப்பட்டது. மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாகவே நடக்க வேண்டும். ஆகவே மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-இன் பதிவு எண்ணைக் கேட்டு, அதன் இணையதளத்தில் சரிபாருங்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே கட்டணம் கேட்டால், என்னைக் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

எடைக் குறைப்பையும் இப்போதே தொடங்கலாம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது, லெப்டினும் இறங்குகிறது. விசேஷ வீட்டுக் கந்தரப்பத்தையும் வெள்ளைப் பணியாரத்தையும் அடியோடு விடச் சொல்லவில்லை, ஒன்றோடு நிறுத்தினால் போதும். ஆனால் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும்.