கடைக் கட்டடத்து மொட்டை மாடி ஒழுகினால் செய்யக் கூடாதவை

வணிக வளாகத்தின் மாடி ஒழுகத் தொடங்கினால் பல உரிமையாளர்கள் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். வெள்ளைப் பூச்சு ஒன்றை மாடி முழுக்க அடித்துவிட்டுப் போவார். ஐப்பசியில் அதே இடத்தில் மறுபடி சொட்டும். பூச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை, அதுதான் கோளாறு.

தமிழ்நாட்டின் பழைய கடைக் கட்டடங்களில் பெரும்பாலும் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று, நான்கு அங்குலத்துக்குப் போட்டு, அதன் மேல் தட்டோடு எனும் தட்டையான சுட்ட ஓட்டைப் பதித்திருப்பார்கள். 20 மி.மீ. ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. மரக்கட்டையால் அடித்து அடித்து இறுக்கிய தளம் அது. வெயிலுக்கும் மழைக்கும் அருமையாகத் தாங்கும். ஆனால் ஓட்டின் இடுக்குப் பூச்சு விட்டுப்போனால் ஜல்லி தண்ணீரைக் குடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். அந்த நீர் தளத்தின் வாட்டத்தோடு, அதாவது சரிவோடு, பக்கவாட்டில் நகர்ந்து, கான்கிரீட்டில் விரிசலோ குழாய்த் துளையோ கிடைக்கும் இடத்தில் கீழே இறங்கும். ஆகவே கூரையில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே உடைப்பது பல நேரம் வீண் வேலை. பத்தடி தள்ளிக்கூட ஓட்டை இருக்கலாம்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க, மாடியைப் பகுதி பகுதியாக வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்கக் கீழே கவனியுங்கள். தாழ்வான பகுதியிலிருந்து தொடங்கினால் குழப்பம் வராது. ஒரு எச்சரிக்கை: கீழே காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் தண்ணீர் கட்டவே கூடாது. முதலில் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே ஆபத்தான தவறு பழைய தளத்தை எடுக்காமல் மேலே மேலே போடுவது. ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, 2 செ.மீ. சிமென்ட் கலவை போட்டால் ஏறத்தாழ 400 கிலோ ஏறுகிறது. 2,000 சதுர அடி மாடியில் அது 8 டன். ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் ஒரு அடுக்கு என்றால் தளம் எத்தனை காலம் தாங்கும்? ஜல்லி கெட்டுப்போயிருந்தால் கான்கிரீட் வரை சுரண்டி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவதே சரி. செலவு கூடும், உண்மைதான்.

சென்னை ஜார்ஜ் டவுன் போன்ற இடங்களில் தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் சிமென்ட் போடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உத்தரத்தின் முனைகள் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

நீர்த்தடுப்புக்குத் தார் ஷீட் ஒட்டுபவர்கள் தளத்தின் ஈரம் காயும் முன்பே அவசரப்பட்டு ஒட்டிவிடுவார்கள். மேலே காய்ந்தாற்போல் இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். வெயில் ஏறியதும் அது ஆவியாகி ஷீட்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஒன்றரை அடி பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். மறுநாள் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. அப்புறம், ஷீட்டைத் தரையோடு நிறுத்தக் கூடாது. கைப்பிடிச் சுவரில் அரையடி ஏற்றி, சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி அதற்குள் முனையைச் செருகிப் பூச வேண்டும். தரையும் சுவரும் சேரும் அந்த மூலையில்தான் பெரும்பாலான ஒழுகல் ஆரம்பிக்கிறது.

வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் இருந்தால் நல்லது. மழைநீர் இறங்கும் குழாய்க் கணக்கையும் பாருங்கள்: மணிக்கு 100 மி.மீ. மழைக்கு நான்கு அங்குலக் குழாய் ஒன்று சுமார் 430 சதுர அடி மாடிக்குத்தான் போதும். இரண்டு குழாயை வைத்துக்கொண்டு 3,000 சதுர அடி மாடியில் எந்தப் பூச்சு அடித்தாலும் தண்ணீர் தேங்கத்தான் செய்யும்.

ஏசி வெளி யூனிட், விளம்பரப் பலகை, சோலார் சட்டம் எதற்கும் தளத்தில் துளை போட விடாதீர்கள். கான்கிரீட் பீடம் வைத்து அதன் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் கேட்காமல் டிரில் போடுவது வழக்கம் என்பதால் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை ஒடித்துவிட்டு விட்டால் வேர் உள்ளே தடித்துச் சுவரையே பிளக்கும். வேரோடு தோண்டி எடுத்துத்தான் பூச வேண்டும்.

வேலையைப் பங்குனி, சித்திரையில் தொடங்குங்கள். நீர்த்தடுப்பு முடிந்து, ஓடு பதிப்பதற்கு முன்பே 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்ததாரரிடம் எழுதி வாங்குங்கள். கடைசித் தவணைப் பணத்தை அந்தச் சோதனை தேறும் வரை கொடுக்க வேண்டாம்.