விங்சூட் சறுக்குவதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சிறகு: வீட்டுத் தையல் மிஷினில் தைத்து அளந்து பார்ப்பது எப்படி

விமானத்திலிருந்து குதிப்பவர்கள் காற்றில் சறுக்கிப் பறக்க அணியும் சிறகு உடுப்புதான் விங்சூட். அதில் கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருப்பது ஒற்றைத் துணி அல்ல. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இரண்டையும் இணைக்கச் செங்குத்தாக நிற்கும் ரிப் துண்டுகள். முன்பக்க வாய் வழியாக எதிர்க்காற்று உள்ளே புகும். பின்னால் போக வழி இல்லாததால் அங்கேயே அடைந்து நிற்கும். அந்த அழுத்தத்தில்தான் துணி விறைத்துச் சிறகாகிறது. டொமினா ஜால்பர்ட் 1966-ல் காப்புரிமை பெற்ற பாராஃபாயில் பட்டத்தின் தத்துவமும் இதுதான். 1990-களில் பாட்ரிக் த கெயார்தோன் அதை உடுப்பாக மாற்றினார். 1999-ல் யாரி குவோஸ்மாவும் ராபர்ட் பெச்னிக்கும் பேர்ட்மேன் நிறுவனம் வழியாகக் கடைச் சரக்காக்கினார்கள்.

நாம் தைக்கப்போவது 72 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளம், நான்கு அறை கொண்ட சிறகு. கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டு, அதன் சறுக்கு விகிதத்தை (கீழிறங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை மீட்டர் முன்னே போகும் என்பதை) கணக்கிடுவோம்.

முதலிலேயே ஒன்று: இதைப் பெரிதாக்கி உடம்பில் மாட்டலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. விநாடிக்கு 6 மீட்டர் காற்றில் இந்தச் சிறகுக்குள் ஏறும் அழுத்தம் சுமார் 19 பாஸ்கல். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் போகும் விங்சூட்டில் அது 1,250 பாஸ்கலை ஒட்டி வரும், ஏறக்குறைய 65 மடங்கு. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி, முதல் விங்சூட் குதிப்புக்கு முன்பே 200 ஸ்கைடைவ் (சாதாரண பாராசூட் குதிப்பு) முடித்திருக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

துணி 1.25 மீட்டர், 150 செ.மீ. பன்னா. ரிப்ஸ்டாப் நைலான் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, சதுர மீட்டருக்கு 40 கிராம் அளவில். இல்லாவிட்டால் குடைத் துணி போதும். வாங்கும்போது துணியை உதட்டோடு ஒட்டிவைத்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் மூச்சு பட்டால் அந்தத் துணி வேண்டாம். காட்டன், லைனிங் துணி எதுவும் இதற்கு ஆகாது; உள்ளே வந்த காற்று துணி வழியாகவே கசிந்துபோகும்.

பாலியஸ்டர் நூல், 11-ஆம் நம்பர் ஊசி (புதியது), ஸ்கூல் பையன்கள் வைத்திருக்கும் க்ளூ ஸ்டிக், ரிப் பேட்டர்னுக்கு ஒரு சார்ட் அட்டை. கயிறுக்குப் பின்னிய பாலியஸ்டர் நூல், 20 கிலோ தாங்குவது, 30 மீட்டர். மீன்பிடி நரம்பு வேண்டாம், இழுத்தால் நீளும், கோணம் மாறும். மாஞ்சா நூல் பேச்சே வேண்டாம்.

மிஷினைப் பொறுத்தவரை, காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மிஷின்தான் என் ஓட்டு. மோட்டார் மிஷினில் வழுக்கும் நைலான் ஓடிவிடும். மிதி மிஷினில் ஒவ்வொரு தையலாக நிறுத்தலாம். தையல் நீளம் 3 மி.மீ. அதைவிடப் பொடியாகப் போட்டால் ஊசி ஓட்டைகள் வரிசையாக விழுந்து, தபால்தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும்.

படி 1: ரிப் பேட்டர்ன்

சார்ட் அட்டையில் 50 செ.மீ. நேர்கோடு போடுங்கள். இது அடிக்கோடு. இடது முனை மூக்கு. அங்கிருந்து கீழ்க்கண்ட தூரங்களில் செங்குத்தாக உயரம் குறியுங்கள் (எல்லாம் செ.மீ.):

0-ல் 5, 5-ல் 7, 10-ல் 7.8, 15-ல் 8, 20-ல் 7.7, 30-ல் 6, 40-ல் 3.4, 45-ல் 1.8, 50-ல் 0.

புள்ளிகளை வளைவாக இணைத்தால் ரிப்பின் மேல் விளிம்பு. மூக்கில், மேல் முனையிலிருந்து அடிக்கோட்டின் 3 செ.மீ. புள்ளிக்கு ஒரு சாய்கோடு. அந்தச் சாய்வுதான் காற்று புகும் வாய். மேல் உதடு முன்னால் நீட்டியிருப்பதால் சிறகு மூக்கைத் தூக்கிப் பறக்கும்போதும் வாய் காற்றைப் பார்த்தே இருக்கும்.

தையலுக்கு மேலும் கீழும் 1 செ.மீ. விட்டு ஐந்து ரிப் வெட்டுங்கள். வாய்ப்பக்கம் மடித்துத் தைக்க 1 செ.மீ. எல்லா ரிப்பும் நேர் இழையில் இருக்க வேண்டும். குறுக்குச் சாய்வில் வெட்டியது காற்றில் நீளும். உள்ளே வரும் மூன்று ரிப்புகளில் மட்டும் 15, 28 செ.மீ. இடங்களில் 3 செ.மீ. விட்டமுள்ள ஓட்டை ஒவ்வொன்று. ஓரத்து அறையில் காற்று குறைந்தால் பக்கத்து அறையிலிருந்து இந்த வழியாக வந்து நிரம்பும். ஓட்டையை 25 வாட் சால்டரிங் அயர்னால், டைல்ஸ் துண்டின் மேல் வைத்து வெட்டினால் விளிம்பு உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது.

படி 2: மேல் துணி, கீழ்த் துணி

இரண்டும் ஒரே நீளம் இல்லை. மேல் விளிம்பு வளைவாகப் போவதால் அளந்தால் 51.5 செ.மீ. வரும். அடி, வாயின் கீழ் உதட்டிலிருந்து 47 செ.மீ. மட்டுமே. முன்பக்க மடிப்புக்கு 1.5, பின்பக்கத் தையலுக்கு 1 சேர்த்தால் மேல் துணி 54 x 74 செ.மீ., கீழ்த் துணி 49.5 x 74 செ.மீ. (அகலத்தில் இரண்டு ஓரத்துக்கும் 1 செ.மீ. விட்டாயிற்று.) இரண்டின் உள்பக்கத்திலும் 18 செ.மீ. இடைவெளியில் ஐந்து கோடுகள், ஓரத்துக் கோடு இரண்டையும் சேர்த்து.

வாய்ப்பக்க விளிம்புகளை இப்போதே மடித்துத் தைத்துவிடுங்கள். பிறகு மிஷினுக்குள் நுழையாது.

கீழ்த் துணியின் வெளிப்பக்கத்தில் 1, 3, 5-ஆம் கோடுகளில் கீல் எனப்படும் முக்கோணத் துண்டுகள் வரும். கோட்டுக்கு இரண்டு. முன் முக்கோணத்தின் அடி, மூக்கிலிருந்து 3 முதல் 23 செ.மீ. வரை, அதன் நுனி 10 செ.மீ. இடத்துக்கு நேர்கீழே 15 செ.மீ. ஆழத்தில். பின் முக்கோணத்தின் அடி 23 முதல் 43 வரை. நுனி 30 செ.மீ. இடத்துக்கு நேர்கீழே 12 செ.மீ. ஆழத்தில். ஒவ்வொரு நுனியிலும் நாடா வளையம் வைத்து மூன்று முறை தைக்க வேண்டும், முழு இழுவையும் அங்கேதான் விழுகிறது.

படி 3: ரிப் பொருத்துவது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பறக்காத சிறகுகளை அவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு இந்தத் தையலில் இருக்கும்.

மிஷினின் பல், கீழே இருக்கும் துணியை இழுக்கும். மேலே இருக்கும் துணியை ஃபுட் பிடித்துக்கொள்ளும். வழுக்கும் நைலானில் 50 செ.மீ. தைத்து முடிப்பதற்குள் இரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேலே வித்தியாசம் வந்துவிடும். ஒரு ரிப் அப்படி, அடுத்த ரிப் எதிர்த்திசையில் என்றால், சிறகு முறுக்கிக்கொள்ளும். அப்புறம் கயிற்றை எப்படிச் சரிசெய்தாலும் ஒரு பக்கமே சாயும்.

தவிர்க்க மூன்று வேலைகள். ரிப்பிலும் துணியிலும் 10 செ.மீ.க்கு ஒரு நாட்ச் (விளிம்பில் சின்ன வெட்டுக் குறி) போடுங்கள். ரிப் மேல் விளிம்பில் வளைவோடு டேப் ஓட்டி அளந்துதான் நாட்ச், அடிக்கோட்டு அளவை அப்படியே ஏற்றக் கூடாது. அடுத்து, குண்டூசி குத்தாமல் க்ளூ ஸ்டிக்கால் நாட்ச்சுக்கு நாட்ச் ஒட்டிவிட்டுத் தையுங்கள். மூன்றாவது, எல்லா ரிப்பையும் மூக்கிலிருந்து வால்பக்கமாகவே தைக்க வேண்டும். போன கையோடு திரும்பி வரும் பழக்கம் இங்கே கூடாது. எல்லாத் தையலும் ஒரே திசையில் போனால் பிழையும் ஒரே மாதிரி விழும், சிறகு முறுக்காது.

வரிசை: முதலில் ஐந்து ரிப்பையும் மேல் துணியில். பிறகு கீழ்த் துணியை ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு ரிப்பாக. மீதித் துணியைச் சுருட்டி ஒதுக்கிக்கொண்டே போங்கள். நடு ரிப்பில் ஆரம்பித்தால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள். ஐந்தாவது ரிப் வெளியிலிருந்து. வால்பக்கம் கடைசியாக ஒரே நேர்த் தையல்.

தைத்து முடித்ததும் ஊதல் சோதனை: மேஜை ஃபேனை முழு வேகத்தில் வைத்து வாயைக் காட்டுங்கள். நான்கு அறையும் எழ வேண்டும். ஒன்று மட்டும் எழவில்லையென்றால், அந்த அறையின் வாய் மடிப்பு உள்ளே சுருண்டிருக்கும்.

படி 4: கயிறு

ஆறு நுனிகளிலிருந்து வரும் கயிறுகளும் ஒரு வளையத்தில் சேரும். முடிச்சு போட்டபின் நீளம்: முன் நடு 85 செ.மீ., முன் ஓரம் இரண்டும் 92.3, பின் நடு 90.7, பின் ஓரம் இரண்டும் 97.6. வெட்டும்போது 120 செ.மீ. ஆறு துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, அதில் மாட்டி முடிச்சு போட்டால்தான் அளவு நிற்கும். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது.

பின்பக்க இரண்டு மூலையிலிருந்து 2 மீட்டர் துணி வால் ஒன்றை வளையமாகத் தொங்கவிடுங்கள். பறந்து பழகியபின் குறைக்கலாம்.

படி 5: பறக்கவிடுவது

ஆடி மாதம் இதற்கென்றே வந்தது. மேற்கிலிருந்து காற்று சீராக அடிக்கும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு கே.ஆர்.பி. அணைப்பக்கம், ஓசூர்க்காரர்களுக்குக் கெலவரப்பள்ளி அணைப்பக்கம் திறந்த வெளி கிடைக்கும். ஆனால் அணைக்கரையின் மேல் ஏறி நிற்காதீர்கள். கரையில் மோதிய காற்று மேல்நோக்கி ஏறும். சிறகு உண்மையைவிட நன்றாகப் பறப்பதாகக் காட்டும். பாறைக் குன்றுக்குப் பின்னாலும் நிற்கக் கூடாது, காற்று சுழலும். குன்றின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தள்ளி நில்லுங்கள். பெலகொண்டப்பள்ளி விமான ஓடுதளம், உயர் மின்கம்பி, மாந்தோப்பு மூன்றுக்கும் தூரம். மாந்தோப்பில் விழுந்தால் சிறகு போகாது, கயிறு போகும்.

சிறகு தலைக்கு மேல் வந்து மூக்கு மடிந்து விழுந்தால், முன்வரிசைக் கயிறு மூன்றையும் 1 செ.மீ. நீட்டுங்கள். மேலே ஏறாமல் தாழ்வாக நின்று கனமாக இழுத்தால் அதே மூன்றை 1 செ.மீ. சுருக்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வரிசையையும் தொடாதீர்கள், எதனால் மாறியது என்றே தெரியாமல் போகும்.

படி 6: அளப்பது

விங்சூட்டில் சறுக்கு விகிதம் என்பது முன்னோக்கிய வேகத்தைக் கீழிறங்கும் வேகத்தால் வகுத்தது. மணிக்கு 180 கி.மீ. முன்னே, 60 கீழே என்றால் 3. நல்ல பறப்பாளி கையில் இன்றைய பெரிய சூட்கள் இதை ஒட்டி வரும். பறப்பவர்கள் ஃப்ளைசைட் போன்ற ஜி.பி.எஸ். கருவியை மாட்டிக்கொண்டு இதைப் பதிவுசெய்கிறார்கள். போட்டிகளில் 1,000 மீட்டர் உயர இடைவெளிக்குள் நேரம், தூரம், வேகம் மூன்றையும் தனித்தனியாக அளக்கிறார்கள். காற்று வீசாமல் அசையாதிருக்கும்போது இந்த விகிதமும், தூக்கு விசையைப் பின்னிழுப்பால் வகுத்த எண்ணும் ஒன்றே. பின்னதைக் கயிற்றிலிருந்து எடுத்துவிடலாம்.

கயிறு 15 மீட்டர் மட்டும் விடுங்கள். அதிகம் விட்டால் தொய்யும். போனில் கோணம் காட்டும் ஆப்பை வைத்துக் கயிற்றோடு ஒட்டிப் பிடித்துப் பத்து அளவு எடுத்துச் சராசரி பாருங்கள். கூடவே லக்கேஜ் நிறுக்கும் கைத்தராசைக் கயிற்றில் மாட்டி இழுவையையும் குறியுங்கள். சிறகை வாலோடு தனியே எடை போடுங்கள்.

உதாரணம்: இழுவை 400 கிராம், கயிறு தரையோடு காட்டும் கோணம் 60 டிகிரி, சிறகின் எடை 80 கிராம். தூக்கு விசை 400 x 0.866 + 80 = 426. பின்னிழுப்பு 400 x 0.5 = 200. (0.866 என்பது 60 டிகிரியின் சைன், 0.5 அதன் கோசைன்; உங்கள் கோணத்துக்கு உரியதைப் போடுங்கள்.) விகிதம் 2.13. எடையைச் சேர்க்க மறந்தால் 1.73 என்று வரும். நல்ல சிறகைக் குறை சொல்வீர்கள். வாலோடு 2-ஐத் தொட்டால் உங்கள் தையல் தேறியது.

உயரமும் கொஞ்சம் விளையாடும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். 25 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.06 கிலோ அளவில்தான். கடல் மட்டத்துக்கான திட்ட அளவு 1.225. அதே தூக்கு விசைக்கு 7 சதவீதம் கூடுதல் காற்று வேகம் தேவை. விகிதம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். விங்சூட்டும் மேலே இருக்கும்போது வேகமாகவும், கீழே வரவர மெதுவாகவும் போவது இதனால்தான்.

பிறகு என்ன மாற்றிப் பார்க்கலாம்

மேல் உதட்டு மடிப்புக்குள் 1 செ.மீ. அகல ஓ.எச்.பி. ஷீட் (விறைப்பான கண்ணாடி பிளாஸ்டிக் தாள்) பட்டை நுழைத்து மறுபடி அளந்து பாருங்கள். புதிய விங்சூட்களில் முன்விளிம்பை விறைப்பாக்குவது ஏன் என்பது கையில் தெரியும்: விளிம்பு குழியாமல் நின்றால் காற்று மேல்பரப்பை ஒட்டியே போகும். அடுத்து வாயின் கீழ்ப்பாதியை செல்லோ டேப்பால் மூடுங்கள். பின்னிழுப்பு குறையும், ஆனால் மூக்கு ஒருமுறை மடிந்தால் திரும்ப நிரம்ப நேரமாகும். சூட் வடிவமைப்பவர்கள் சிறிய வாய் வைத்து, உள்ளே ஒருவழி மடிப்பு ஒன்றும் தைப்பது இந்த இரண்டையும் சமாளிக்கத்தான்.

பின்சேர்க்கை: குடைத் துணியில் தைத்த சிலர், இரண்டு மூன்று முறை பறந்ததும் சிறகு தளர்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். மடித்து அயர்ன் போட்டதுதான் காரணம். அயர்ன் வெப்பத்தில் துணியின் உள்பூச்சு போய்விடும், ஊதினால் மூச்சு வெளியே வரும். சுருக்கம் இருந்தால் இருக்கட்டும், காற்று அடைத்ததும் தானாகப் போய்விடும். தளர்ந்துபோனதற்கு மேல் துணியை மட்டும் மாற்றினால் போதும், கீழ்த் துணியையும் கீலையும் பிரிக்க வேண்டாம்.