மங்கலாக இருக்கிறதே என்று கடந்துவிடாதீர்கள்

டேவிட் ஆக்டேவியஸ் ஹில், ராபர்ட் ஆடம்சன் என்ற இருவர் 1843-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சேர்ந்து உருவப்படம் எடுக்கத் தொடங்கினார்கள். இன்று அவற்றை இணையத்தில் பார்க்கிறவர்கள், மங்கலாக இருப்பதைக் கண்டு, "அந்தக் காலத்து கேமராவுக்கு இவ்வளவுதான் முடியும்போல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது பெரிய தவறு.

அந்த மங்கலுக்குக் காரணம் தாள். அவர்கள் கையாண்ட கேலோடைப் என்ற முறையில் நெகடிவே (வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த மூலப்படம்) தாள்தான். நல்ல எழுதுதாளில் வெள்ளி உப்பைப் பூசிப் படமெடுப்பார்கள். பிறகு அதை இன்னொரு பூச்சுத்தாளின் மேல் வைத்து அழுத்தி, வெயிலில் காட்டுவார்கள். வெயில் நெகடிவின் நார்களுக்குள் புகுந்துதான் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். அதனால் முகத்தோடு நாரும் சேர்ந்து பதியும். அதே காலத்தில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த டாகேரோடைப் படங்களில் தாடி மயிரைக்கூட எண்ணிவிடலாம். ஹில் ஓவியர், இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும். தாளின் சொரசொரப்பால்தான் நுணுக்கம் குறைகிறது, ஆனால் இந்தப் படங்களுக்கு உயிரே அதுதான் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

எடின்பரோவை ஒட்டிய நியூஹேவன் என்ற மீனவ ஊரைச் சேர்ந்த பெண் எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாவாடையின் கோடுகள் பளிச்சென்று தெரியும், பக்கத்தில் கூடை. முகமோ குனிந்திருக்கும், கண்ணைச் சுற்றிக் கோடே இல்லை, நிழல் மட்டும். கரிக்கட்டியால் தீற்றியது போல இருக்கும். தயவுசெய்து இதை ஆப்பில் போட்டு 'ஷார்ப்' ஆக்காதீர்கள். தாளின் நாரை அது தோலின் சுருக்கமாக மாற்றிவிடக்கூடும்.

சரி, அதற்காகக் கண்ணில் படும் குறையெல்லாம் கலை என்று கொண்டாடுவதும் தப்பு. ஓரங்கள் மஞ்சளாகி வெளிறியிருந்தால், அது பெரும்பாலும் சரியாகக் கழுவாமல் விட்ட ரசாயனமும் ஈரமும் செய்த வேலை. ஹில் அதை விரும்பிச் செய்யவில்லை. நெகடிவில் பென்சில் தீற்றியிருப்பது வேறு கதை, அது வேண்டுமென்றே செய்தது. பென்சில் பட்ட இடம் அச்சில் வெளிச்சமாக வரும்.

பின்னால் திரைச்சீலை, மேசையில் புத்தகம் என்று இருந்தால் வீட்டுக்குள் எடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். கால்டன் குன்றில் அவர்கள் இருந்த ராக் ஹவுஸுக்கு வெளியே, திறந்த வெயிலில் அதையெல்லாம் பரப்பி வைத்து எடுத்தார்கள். வெயில் இருந்தும் ஆள் வெகுநேரம் அசையாமல் இருக்க வேண்டும். கன்னத்தில் கை ஊன்றுவதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்வதும் அழகுக்கு மட்டுமல்ல, ஆடாமல் இருக்கவும்தான்.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரரின் மங்கலை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதும் உண்டு. அவர் 1864-இல் தொடங்கியவர், நெகடிவ் கண்ணாடி. அங்கே மென்மை வந்தது லென்ஸைக் குவித்த விதத்தாலும் ஆட்கள் லேசாக அசைந்ததாலும்.

கடைசியாக ஒன்று, எனக்கு மனம் ஆறாத விஷயம். ஹில் ஓவியர் என்பதால் கலை முழுக்க அவருடையது, ஆடம்சன் வெறும் ரசாயனக்காரர் என்று எழுதிவிடுகிறார்கள். ஆடம்சன் 1848 ஜனவரியில், 26 வயதில் இறந்துபோனார். பல ஆண்டுகள் கழித்து ஹில் வேறொருவரோடு சேர்ந்து மறுபடியும் படம் எடுத்தார். பழைய படங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் அவை எடுபடவில்லை.