ஆண்டு 1 போகும் பிள்ளைக்குப் படக்கதை வாசிப்பது எப்படி

மலேசியாவில் 2026இலிருந்து பள்ளித் தவணை பழையபடி ஜனவரிக்கே வந்துவிட்டது. அதனால் ஆண்டு 1 (தொடக்கப்பள்ளி முதல் வகுப்பு) போகிற பிள்ளை வீட்டில் இருந்தால், டிசம்பர் நடுவிலேயே படக்கதையைக் கையில் எடுத்துவிடுங்கள், பள்ளி திறப்பதற்கு முதல் நாள் ராத்திரி வாசித்தால் பயம்தான் கூடும்.

புத்தகம் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, கதையில் அழுகிற பிள்ளை இருக்கிறதா என்பதைத்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் போகிற கதையைக் கேட்ட பிள்ளை, தனக்கு அழுகை வந்தால் தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ளும். அழுத பிள்ளை பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள், அப்புறம் என்ன ஆனது, அதைப் படம் காட்ட வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தேடுங்கள். தமிழ்க் கதைகள் இலவசம், அச்சடித்தும் கொள்ளலாம். அங்கே உள்ள நான்கு வாசிப்பு நிலைகளில் முதல் நிலையே போதும்.

முதல் தடவை எழுத்தை வாசிக்காதீர்கள், படத்தை மட்டும் பாருங்கள். "உனக்குப் பயமா?" என்று கேட்டால் பிள்ளை இல்லை என்று தலையாட்டிவிடும். "இந்தப் பாப்பா ஏன் அம்மா கையை விடமாட்டேங்குது?" என்று கேளுங்கள். என் மகள், "பாப்பாவுக்கு டாய்லெட் எங்க இருக்குன்னு தெரியாதும்மா" என்றாள். இரண்டு வாரமாக அவள் மனதில் கிடந்தது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சரி, அந்த டாய்லெட் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதற்கு நீங்களே ஒரு புத்தகம் செய்ய வேண்டும். பள்ளியில் அனுமதி கேட்டு, மற்றப் பிள்ளைகள் முகம் விழாமல், கைப்பேசியில் எட்டுப் படம் எடுங்கள்: லயத்து (தோட்டத்து வீட்டு வரிசை) முனையில் வேன் நிற்கிற இடம், பள்ளி கேட், வகுப்புக் கதவு, கழிப்பறை, கைகழுவும் குழாய், சிற்றுண்டிச்சாலை, சபைக்கூடல் திடல், கடைசியாக, கூட்டிவர நிற்கும் பாட்டி. பாட்டி படத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், திரும்பி வீட்டுக்கு வருவோம் என்று பிள்ளைக்குக் கண்ணால் தெரிய வேண்டும். தாளுக்கு ஒரு படம் அச்சடித்து ஸ்டேப்ளர் போட்டால் முடிந்தது. படத்துக்கான வரியைப் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். "இங்கதான் நெகாராகூ (தேசிய கீதம்) பாடுவோம்" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

முதல் நாளோடு நிறுத்திவிட வேண்டாம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் சில பிள்ளைகள் அழும். முதல் இரண்டு வாரம் வேனுக்குக் காத்திருக்கும்போது வாசப்படியில் உட்கார்ந்து ஒரு தடவை புரட்டிவிட்டு, அதை அப்படியே பைக்குள் வைத்து அனுப்புங்கள்.